கட்டுமரம் சென்றது, கூடவே ஒரு பழிச்சொல்லும் சென்றது!

ஆங்கிலம் கடன் வாங்கி வளர்ந்த மொழி. அதனை அம்மொழியாரே மறைப்பதில்லை. வழக்குமன்றம் ஏறினால் ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்று இலத்தீன் பேசும். உணவு விடுதியில் அமர்ந்தால் ‘மெனு’ என்று பிரெஞ்சு பேசும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று செருமன் பேசும். இசையரங்கில் ‘பியானோ’ என்றும் ‘சோலோ’ என்றும் இத்தாலியம் பேசும். கணக்கு வகுப்பில் ‘அல்ஜிப்ரா’ என்று அரபு பேசும். உலகத்து மொழிகளிலெல்லாம் கை நீட்டிச் சொல் பெற்று, அத்தனையையும் தன் அகராதிக்குள் அடுக்கிக்கொண்டு, ‘இவையாவும் என்னுடையவையே’ என்று நிமிர்ந்து நிற்கிறது அம்மொழி.

இதனைக் காட்டித்தான் நம்மிடம் ஒரு கேள்வியை வீசுகின்றனர். “ஆங்கிலமே இப்படி வாங்கியிருக்கும்போது, தமிழ் மட்டும் வடமொழியை வாங்கினால் என்ன குடி முழுகிவிடும்?” என்று கேட்டவர்கள் நேற்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். கேள்வியைக் கண்டு நாம் சினங்கொள்ள வேண்டியதில்லை. வரலாற்றை விரித்து விடை சொல்வோம்.

விரும்பி வாங்குவது வேறு. தலையின்மேல் ஏற்றப்படுவது வேறு. ஆங்கிலேயர் இரண்டையும் பட்டறிந்தவர்கள். 1066இல் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையோடு வந்து இங்கிலாந்தை வென்றான். அரண்மனையில் பிரெஞ்சு அமர்ந்தது. கோயிலில் இலத்தீன் ஏற்கெனவே அமர்ந்திருந்தது. குடிமக்களின் மொழி கொல்லைப்புறத்துக்குப் போயிற்று. அந்த நாளின் வடு ஆங்கிலத்தில் இன்னும் ஆறவில்லை. தொழுவத்தில் நிற்கும்வரை அது ‘ஆக்ஸ்’. பிரபுவின் தட்டில் விழுந்தால் ‘பீஃப்’. மேய்ச்சல் நிலத்தில் ‘ஷீப்’, மேசைமேல் ‘மட்டன்’. சேற்றில் புரளும்போது ‘ஸ்வைன்’. வெந்து வந்தபின் ‘போர்க்’. வால்ட்டர் ஸ்காட் 1819இல் வெளியிட்ட ‘ஐவன்ஹோ’ புதினத்தில் பன்றி மேய்ப்பவன் ஒருவனும் விகடன் ஒருவனும் இதைப் பற்றிப் பேசிக்கொள்கின்றனர். வளர்த்தவனின் மொழி தொழுவத்தோடு நின்றது. உண்டவனின் மொழி மேசைமேல் ஏறியது.

வழக்குமன்றத்திலும் இதே கதைதான். தன்மீது என்ன குற்றஞ்சாட்டுகின்றனர் என்பதே விளங்காமல் கூண்டில் நின்றான் ஆங்கிலக் குடியானவன். பிரெஞ்சு மொழி நாட்டில் பலருக்கும் தெரியாது என்பதைக் காரணம் காட்டி, வழக்குரைகள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டுமென்று 1362இல் சட்டம் செய்தனர். ஆயினும் பதிவேடுகளிலிருந்து இலத்தீனையும் பிரெஞ்சையும் அகற்றி ஆங்கிலத்தை அமர்த்தும் சட்டம் 1733இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 370 ஆண்டுகள்! 1999இல் உரிமையியல் நடைமுறை விதிகளை மாற்றி எழுதியபோதுகூட, மிஞ்சியிருந்த இலத்தீன் தொடர்கள் பலவற்றுக்கு விடை கொடுத்தனர். ஆங்கிலம் எல்லாவற்றையும் அட்டியின்றி விழுங்கிய மொழி என்போர் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

ஆகவே, ஒரு சொல் எல்லை தாண்டும்போது நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று? தமிழிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொற்களை இந்தக் கேள்வியோடு பார்ப்போம்.

இந்தியாவிலிருந்து ஆங்கிலம் அள்ளிய சொற்களுள் வடமொழி வழிச் சென்றவை சில: பண்டிட், குரு, சுவாமி, கர்மா, அவதார், மந்த்ரா, நிர்வாணா. பூரி செகந்நாதர் தேர் ‘ஜக்கர்நாட்’ ஆயிற்று. எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிக்கொண்டு உருளும் ஆற்றல் என்று அதற்குப் பொருள். (பொருள் சொன்னது நாமல்ல, ஆங்கில அகராதி!) தமிழும் அதன் உடன்பிறப்பான மலையாளமும் அனுப்பியவை எவை? கட்டுமரம் ‘கேட்டமரன்’ ஆயிற்று. சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று. மிளகுத்தண்ணீர் ‘மலிகட்டானி’ ஆயிற்று. கறி ‘கரி’ ஆயிற்று. அணைக்கட்டு ‘அனிகட்’ ஆயிற்று. கயிறு ‘காயர்’ ஆயிற்று. தேக்கு ‘டீக்’, மாங்காய் ‘மேங்கோ’, வெற்றிலை ‘பீட்டல்’, முருங்கை ‘மொரிங்கா’, வெட்டிவேர் ‘வெட்டிவர்’. முன்னதை ஓதுவோர் அனுப்பினர். பின்னதை உழைப்போர் அனுப்பினர். கடலோடியும் கயிறு திரித்தவனும் சுருட்டுச் சுற்றியவனும் அணை கட்டியவனும் அடுப்பெரித்தவளுமே தமிழை இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தவர்கள். ஒருவரும் பட்டம் பெற்றவரல்லர். ஒருவருக்கும் மானியம் கிடைத்ததில்லை.

இந்தப் பாகுபாடு கோடு கிழித்தாற்போன்றது என்று நாம் சாதிக்க மாட்டோம். ‘சுகர்’ என்பதன் வேர் வடமொழிச் சர்க்கரை. ‘ஷாம்பூ’, ‘லூட்’ முதலியவை இந்திக் கடைத்தெருவிலிருந்து போனவை. தமிழகத்திலிருந்து பாளையக்காரர் என்னும் அதிகாரச் சொல்லும் ‘பாலிகார்’ என்று போயிற்று; 1799 முதல் 1805 வரை நடந்த பாளையக்காரர் போர்களோடு அதன் ஆட்டம் முடிந்து, இன்று வரலாற்று நூலில் மட்டும் உறங்குகிறது. ஆனால் சுருட்டுக்காரன் சொல் உறங்கவில்லை. ஆர்தர் கானன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, சாம்பலைப் பார்த்துத் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டு சொல்கிறான் துப்பறிவாளன். கட்டுமரத்தை 1697இல் வெளியான தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி குறித்துவைத்தார். இன்று ஆங்கிலேயர் அப்பெயரால் அழைக்கும் இரட்டையுடல் படகுக்கும், மரங்களைக் கயிற்றால் பிணைத்த நம் மீனவர் மிதவைக்கும் உறவு பெயரளவில்தான். மிளகுத்தண்ணீரோ, சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளையருக்கே பட்டப்பெயர் ஆயிற்று! வங்காளத்திலும் பம்பாயிலும் இருந்த வெள்ளையர் இவர்களை ‘மல்’ என்று கேலி பேசினர். ‘மலிகட்டானி’யின் தலைத்துண்டுதான் அந்த ‘மல்’.

இவ்வளவு செய்திகளையும் திரட்டித் தந்தது ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் பேரகராதி. ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் தொகுத்தது, 1886இல் வெளிவந்தது. பர்னல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் எழுதியவர். சுவடிக்குக் கொடுத்த மதிப்பைச் சந்தைச் சொல்லுக்கும் கொடுத்தார் என்பதற்காகவே அவரைப் போற்றலாம். அகராதி வெளிவருமுன் 1882இல் மறைந்தார்.

இனிச் சேலத்துக்கு வருவோம். சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது ஆட்டையாம்பட்டி. முறுக்குக்குப் பெயர் பெற்ற ஊர். தறியொலி கேட்கும் ஊர். அவ்வட்டாரத்தின் அடையாளமாய் நிற்பது கஞ்சமலை. அதன் வயிற்றில் இரும்பு. இந்தச் சமவெளி, ஆங்கில அகராதியில் இடம்பெற்ற இரண்டு சொற்களோடு பிணைந்தது என்பதை இவ்வூர் இளைஞர் எத்தனை பேர் அறிவர்?

முதற்சொல் ‘ஊட்ஸ்’. பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்ற மருத்துவர் இந்திய எஃகுக் கட்டிகளை இலண்டனுக்கு அனுப்பினார். 1795இல் ஜார்ஜ் பியர்சன் அவற்றை ஆராய்ந்து இராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். அதில்தான் இந்தச் சொல் பிறந்தது. கன்னடத்து ‘உக்கு’, தமிழில் ‘உருக்கு’, ‘எஃகு’ என்போம். ‘ஊக்’ என்று எழுத வேண்டியதை யாரோ ‘ஊட்ஸ்’ என்று பிழையாக எழுத, அந்தப் பிழையே அகராதியில் குடியேறிவிட்டது என்கின்றனர் சொல்லாய்வாளர். செய்தவன் வாய்ச்சொல்லைச் செவிமடுத்துச் சரிபார்க்க எவருக்கும் தோன்றவில்லை. கட்டி போதும், பெயர் எப்படியிருந்தால் என்ன?

அந்தக் கட்டியை எப்படிச் செய்தார்கள்? இரும்புத் துண்டுகளைச் சிறு மண்குகையில் இடுவர். ஆவாரை விறகுத் துண்டுகளையும் எருக்கிலையையும் கூடவே வைப்பர். குகையின் வாயைக் களிமண்ணால் அடைப்பர். இத்தகைய குகைகள் பலவற்றை உலையில் அடுக்கித் துருத்தியால் ஊதுவர். மூடிய குகைக்குள் விறகும் இலையும் கரியாகி, அக்கரி இரும்பினுள் ஏறி, இரும்பு எஃகாகும். மந்திரம் இல்லை, மாயம் இல்லை, யாகம் இல்லை! எந்த விறகு, எந்த இலை, எவ்வளவு நேரம் என்பதைக் கண்ணாலும் கையாலும் கண்டறிந்த வேதியியல் இது. 1819இலும் 1820இலும் மைக்கேல் பாரடேயும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் இந்த எஃகின் இரகசியம் என்னவென்று ஆய்வுக்கூடத்தில் தலையை உடைத்துக்கொண்டனர். கும்பினியின் வாணிக அதிகாரியாகச் சேலத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், வேலையை உதறிவிட்டுப் பரங்கிப்பேட்டையில் 1830ஐ ஒட்டி இரும்பாலை தொடங்கினார். சேலம் வட்டாரத் தாது அங்கே சென்றது. 1839இல் இந்திய இரும்பையும் எஃகையும் பற்றிக் கட்டுரை எழுதினார். அதே ஆண்டில், எஃகு செய்வதில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமையும் பெற்றார். சேலத்துக் குகையை ஊதிய கொல்லனுக்குக் காப்புரிமை கொடுக்க எந்த அலுவலகமும் இருக்கவில்லை. கப்பலில் வந்திறங்கிய மலிவு இரும்பு அவனுடைய உலையை அவித்தது. சொல் அகராதியில் வாழ்ந்தது. சொல்லுக்குரியவன் கூலிக்குப் போனான். பல தலைமுறைகளுக்குப் பின், 1970இல் கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினர்.

இரண்டாவது சொல் ‘கொரண்டம்’. தமிழ்க் குருந்தம் என்பதிலிருந்து வந்ததாக ஆங்கில அகராதிகள் எழுதுகின்றன. வடமொழிக் குருவிந்தத்தோடும் உறவுடைய சொல். மாணிக்கமும் நீலமும் இக்கல்லின் குடும்பத்தவையே. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி இக்கல் கிடைக்கும் இடங்களுள் ஒன்று. சாணை பிடிப்பவனின் கல் இது. 1798இல் சார்லஸ் கிரெவில் என்பவர் இதைப் பற்றி இராயல் சொசைட்டியில் எழுதியபின் உலகத்துக் கனிமநூல்களிலெல்லாம் ஏறிவிட்டது.

தறிக்காரரும் தம் பங்கைக் கேட்பர். ‘சேலம்பூர்’ என்று ஒரு துணி ஆங்கிலத்தில் இருந்தது. நீல நிறப் பருத்தித் துணி. கேட்டவுடனே ‘சேலத்துத் துணி’ என்று துள்ளத் தோன்றும். துள்ள வேண்டா! நெல்லூர்ப் பக்கம் நெய்த துணி அது. தெலுங்கில் நெசவாளரைக் குறிக்கும் ‘சாலெ’ என்ற சொல்லிலிருந்து பெயர் வந்ததென்பது பழைய சென்னை அகராதியாரின் கருத்து. ஊரின் பெயர் இல்லாவிட்டாலும் உழைப்பவரின் பெயர் இருக்கிறது. அந்தத் துணி எங்கே போயிற்று தெரியுமா? மேற்கிந்தியத் தீவுகளுக்கு. கரும்புத் தோட்டங்களில் விலங்கு பூண்டு வேலை செய்த ஆப்பிரிக்க அடிமைகளின் உடை அதுதான்! இங்கே குழித்தறியில் குனிந்தவன் நெய்தான். அங்கே கசையடிக்குக் குனிந்தவன் உடுத்தான். இருவருக்கும் இடையே இருந்தவன் இலாபம் எழுதினான். பாவு, ஊடை, விழுது என்னும் தறிச்சொற்களில் ஒன்றுகூட ஆங்கிலத்துக்குப் போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வாங்கியவனுக்குத் துணி வேண்டும்; நெய்யும் வித்தை வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழ்ப்பற்று மிகுதியால் நம் மேடைகளில் சிலர், “ஆங்கிலேயன் ‘கேஷ்’ என்கிறானே, அது நம் காசு!” என்று முழங்கிக் கைத்தட்டல் பெறுகின்றனர். கீழைநாடுகளில் வழங்கிய சிறு நாணயத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ நம் காசுதான். போர்த்துக்கீசியர் வாய்வழிச் சென்றது. ஆனால் இன்று வங்கியில் ரொக்கம் என்னும் பொருளில் வழங்கும் ‘கேஷ்’ வேறு சொல். பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. அரிசியே ‘ரைஸ்’ ஆயிற்று என்பதும் அப்படியே. 1856இல் கால்டுவெல் அரிசியையும் கிரேக்கத்து ‘ஒரைசா’வையும் இணைத்துப் பார்த்தார், இன்றைய ஆய்வாளர் அதனை ஒருமனதாக ஏற்பதில்லை. இஞ்சிக்கும் ‘ஜிஞ்ச’ருக்கும் உள்ள உறவோ வலுவான சான்றுடையது. புராணத்தைச் சான்று கேட்டு மடக்கும் நாம், நம் பெருமைக்கும் சான்று கேட்க வேண்டாமா?

இனி, இப்பட்டியலில் நாம் வேண்டுமென்றே கடைசியில் நிறுத்திவைத்த சொல்லுக்கு வருவோம். ஆங்கில ஏட்டைப் பிரிக்கும் எவர் கண்ணிலும் அது படும். உலக நாடுகள் உறவு முறித்துக்கொண்ட நாட்டை ஒரே சொல்லால் ‘பரையா நாடு’ என்பர். ஊரார் விலக்கிய மனிதனும் ‘பரையா’. தெருவில் திரியும் நாய் ‘பரையா நாய்’. குப்பைமேட்டில் வட்டமிடும் பருந்து ‘பரையாப் பருந்து’. தமிழ்நாட்டின் ஒரு மக்கட் பிரிவின் பெயர் இது!

பறை என்பது இசைக்கருவி. பறையர் என்ற பெயர் அதிலிருந்தே வந்ததென்பது பெரும்பாலோர் கொள்கை. புறநானூற்றில் குடிகளை எண்ணும் பாடலொன்றில் பாணனோடும் துடியனோடும் சமமாக நிற்கும் பெயர் அது. இழிவின் நிழல்கூட அதில் இல்லை. பின்வந்த நூற்றாண்டுகளில் சாதிப் படிக்கட்டு எழும்பி, அந்தப் பெயர் கீழ்ப்படியில் தள்ளப்பட்டது. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைக் குறித்துக்கொண்டனர். அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ஏறியது. சென்னையில் வெள்ளையர் வீட்டுச் சமையற்கட்டிலும் குதிரைக்கொட்டிலிலும் படையணியிலும் பணி செய்தோர் பலர் இம்மக்களே. ஒரு பிரிவின் பெயரை, தீண்டாமைக்கு ஆளான அனைவருக்கும் பொதுப்பெயரென்று வெள்ளையர் பிழைபட உணர்ந்தனர். பிறகு, விலக்கப்பட்ட எதற்கும் அதுவே பெயராயிற்று.

ஐரோப்பாவில் அச்சொல் எடுத்த வடிவங்கள் விந்தையானவை. 1791இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்டின் டி செயின்ட் பியர் ‘இந்தியக் குடிசை’ என்னும் கதையை வெளியிட்டார். உண்மையைத் தேடி உலகம் சுற்றும் ஆங்கில அறிஞன் ஒருவன், பூரி செகந்நாதத்தில் தலைமைப் புரோகிதரைக் கண்டு கேட்கிறான்; கிடைப்பது ஆணவம்தான். புயலில் சிக்கிக் காட்டுக் குடிசையொன்றில் ஒதுங்குகிறான். விலக்கப்பட்ட ‘பரையா’ ஒருவனின் குடிசை அது. தேடிய மெய்யறிவு அங்கே கிடைக்கிறது! அங்கிருந்து அச்சொல் ஐரோப்பிய இலக்கியத்தில் பரவியது. 1821இல் டெலவீன் அப்பெயரில் துன்பியல் நாடகம் எழுதினார்; கேத்தே கவிதை எழுதினார்; பெண்ணுரிமைக்காகப் போராடிய ஃப்ளோரா டிரிஸ்டான் 1838இல் வெளியிட்ட தம் பயண நூலில் தம்மையே ‘பரையா’ என்று அழைத்துக்கொண்டார். மாக்ஸ் வெபர் யூதர் வரலாற்றை விளக்க அச்சொல்லை ஆண்டார். 1944இல் ஹன்னா ஆரண்ட்டும் யூதரை அச்சொல்லால் குறித்துக் கட்டுரை தீட்டினார். அவர்கள் எவருக்கும் தீய எண்ணமில்லை. ஒடுக்கப்பட்டோர்பால் பரிவே இருந்தது. ஆயினும் அச்சொல்லுக்கு உரியவர் சென்னை மாகாணத்தில் உயிரோடு நடமாடும் இலட்சக்கணக்கான மக்கள் என்ற நினைவு அங்கே எத்தனை பேருக்கு இருந்தது?

அம்மக்கள் வாளா இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் இதழொன்று தொடங்கியபோது, அதற்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். வசையாக வீசப்பட்டதைக் கொடிக்கம்பத்தில் ஏற்றினார். அயோத்திதாசப் பண்டிதர் எதிர்த்திசையில் நடந்தார்: அப்பெயர் பகைவர் சூட்டியது, நாங்கள் பூர்வத் தமிழர் என்றார், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ ஏட்டைத் தொடங்கி அதனை ஓயாது வாதாடினார். பாதை இரண்டு, பட்ட காயம் ஒன்று. 1922இல் எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர, நீதிக்கட்சி ஆட்சி அரசு ஏடுகளில் ஆதிதிராவிடர் என்று எழுத ஆணையிட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, பட்டியல் சாதியினர் ஒருவரைப் பலர் காணச் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவது தண்டனைக்குரிய குற்றம்.

இங்கே தெருவில் சொன்னால் சிறை. அங்கே தலையங்கத்தில் எழுதினால் நடையழகு! இந்த முரண்பாட்டைச் சுட்டினால், “சொல் இடம்பெயர்ந்துவிட்டது, பழைய பொருள் அதில் இல்லை” என்கின்றனர். கட்டுமரத்துக்கு அது பொருந்தும். மரம் மானங்கெட்டுப் போவதில்லை. மனிதர் பெயருக்கு எப்படிப் பொருந்தும்? ஆங்கிலத்தில் படித்துப் பட்டம் பெறவந்த ஓர் ஆதிதிராவிட மாணவன், பாட நூலில் அச்சொல்லைக் கண்டு, அகராதியைப் புரட்டி, அதில் ‘தமிழ்ச் சொல்’ என்ற குறிப்பையும் படிக்கும்போது, அவன் காண்பது இடம்பெயர்ந்த சொல்லையா, தன் பாட்டனையா?

மற்றச் சொற்கள் கடல் கடந்துபோய்த் திரும்பியும் வந்திருக்கின்றன. மொரிங்கா என்று புட்டியில் பெயர் ஒட்டி முருங்கையைத் திரும்ப நமக்கே விற்கின்றனர், வாங்குகிறோம். இந்த ஒரு சொல் மட்டும் திரும்பிவர முடியாது. வெளிநாட்டுச் செய்தியைத் தமிழாக்கும் நாளேட்டுத் துணையாசிரியர் ‘பரையா நாடு’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்துகிறார். பிறகு, ‘ஒதுக்கி வைக்கப்பட்ட நாடு’ என்று எழுதி மேலே போகிறார்.